பட்டியலில் இல்லாதது

கடையில் அவளுக்கு லேபிள் அக்கா என்று பெயர். யார் முதலில் வைத்தார்கள் என்று தெரியவில்லை. மூன்று மாடிக் கடையின் இரண்டாவது மாடியில், முகத்துக்கும் தோலுக்குமான பொருட்கள் வைத்திருக்கும் பகுதியில் பதினோரு வருடமாக நிற்கிறாள். யார் எந்தக் குப்பியை நீட்டினாலும் முதலில் அதைத் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பாள். "முன்பக்கத்துல எழுதியிருக்கறது நம்ம ஆசை. பின்பக்கத்துல இருக்கறதுதான் க்ரீம்," என்பாள். கேட்பவர்கள் சிரிப்பார்கள், சிரித்துக்கொண்டே அவள் சொன்னதை வாங்கிப் போவார்கள்.

பெயர் வீட்டுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. அவள் அண்ணன் வீட்டில்தான் இருந்தாள். அண்ணன் மகளுக்கு நாலு வயசு; உருண்டையாக, ஓரிடத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருப்பதால் பட்டாணி என்று கூப்பிட்டார்கள். பட்டாணி இவளை "லேபிள் அத்தை" என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டாள். குளியலறைக்குள் போனால் ஷாம்பு பாட்டிலைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, எழுத்தே தெரியாமல், "இதுல தண்ணி இருக்கு, சோப்பு இருக்கு, பூச்சி இருக்கு," என்று அத்தையைப் போலவே படித்துக் காட்டுவாள்.

அண்ணிக்கு ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் வேலை. நாள் முழுக்கக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். பட்டாணி பிறந்த பிறகு அண்ணியின் இரண்டு கன்னத்திலும் மங்கு விழுந்தது. முதலில் லேசாகத்தான் இருந்தது. போகப் போக, தேநீர்க் கறை போலக் கண்ணுக்குக் கீழே பரவிவிட்டது. "வர்றவங்க எல்லாம் ஊர் பேரைச் சொல்றதுக்கு முன்னாடி என் கன்னத்தைப் பாக்கறாங்க," என்று ஒருநாள் சொன்னாள். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தாள், சொல்லி முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது.

ஒரு மத்தியானம் லேபிள் அக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அண்ணியிடமிருந்து போனில் மூன்று படங்கள் வந்தன. மூன்று க்ரீம் டப்பாக்களின் பின்பக்கம். "இதுல எது நல்லது, பாத்துச் சொல்லு," என்று கீழே ஒரு வரி.

ஒரு கையில் கரண்டி இருந்ததால் தட்டச்சு செய்யாமல் குரல் பதிவாகவே அனுப்பினாள். இரண்டு நிமிடம் பேசினாள்.

"அண்ணி, முதல் டப்பாவை விட்டுடுங்க. பட்டியல்ல எது நிறைய இருக்கோ அதைத்தான் முதல்ல எழுதணும். இதுல மங்குக்கு வேலை செய்யற நியாசினமைடு வாசனைக்கும் கீழ கடைசியில கெடக்கு. சும்மா பேருக்குத் தொட்டு வெச்சிருக்கான். ரெண்டாவது பக்கமே போகாதீங்க. அதுல ஸ்டீராய்டு இருக்கு. பத்து நாள் பளபளன்னு இருக்கும், அப்புறம் தோல் மெலிஞ்சு ரத்தக்குழாய் வெளிய தெரிய ஆரம்பிச்சுடும். மூணாவதுதான் சரி. தண்ணிக்கு அடுத்து கிளிசரின், அது தோலை ஈரமா வெச்சுக்கும். அதுக்கு அடுத்ததே நியாசினமைடு. அது நிறத்தை மேல ஏறவிடாது. அதிமதுரச் சாறு இருக்கு, வைட்டமின் சி இருக்கு. பாதரசம் இல்லை, ஸ்டீராய்டு இல்லைன்னு தனியா எழுதியே இருக்கான். கண்ணை மூடிட்டு வாங்குங்க. எங்க கிடைச்சுது?"

தெருமுனை பார்லரில் என்று பதில் வந்தது. பார்லர்க்காரி யாரோ தெரிந்தவர் மூலம் வெளியிலிருந்து வரவழைக்கிறாளாம்.

மூன்றே வாரத்தில் மங்கு போய்விட்டது.

மங்கிப் போகவில்லை, அடியோடு காணாமல் போயிற்று. கன்னம் வெளுத்து, புது மெழுகுவத்தி போல இருந்தது. அண்ணி கண்ணாடி முன்னால் நின்று சிரித்தாள். லேபிள் அக்காவுக்கு ஒரு நிமிடம் உள்ளுக்குள் ஏதோ இடறியது. நியாசினமைடு வேலை செய்ய இரண்டு மாதமாவது ஆகும் என்று ஒரு நாளைக்கு இருபது பேருக்குச் சொல்கிறவள் அவள். 'சிலருக்குச் சீக்கிரமே கேட்கும் போல,' என்று நினைத்துக்கொண்டாள். அண்ணன் அவள் தலையில் தட்டி, "பரவாயில்லையே, பதினோரு வருஷம் சும்மா நிக்கலை," என்றான். அந்தப் பாராட்டில் இடறல் அடங்கிப் போயிற்று.

இரண்டு மாதம் கழித்துப் பட்டாணி ஓடுவதை நிறுத்தினாள்.

முதலில் தூக்கம் போயிற்று. பிறகு சாப்பாடு. எப்போதும் வியர்த்துக்கொண்டே இருந்தாள். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும்போதும் சட்டை தொப்பலாக நனைந்தது. உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து தோல் உரிய ஆரம்பித்தது. கால் வலிக்கிறது என்று அழுதாள். தொட்டால் அழுதாள், தொடாவிட்டாலும் அழுதாள். ஒரு டாக்டர் ஒவ்வாமை என்றார். இன்னொருவர் ஏதோ வைரஸ், தானாகப் போய்விடும் என்றார். மூன்றாமவர் ரத்த அழுத்தம் பார்த்தார். கருவி கெட்டுவிட்டது என்று நினைத்து வேறு கருவி கொண்டுவரச் சொன்னார். அதுவும் அதையே காட்டியது. நாலு வயதுக் குழந்தைக்குப் பெரியவர்களுக்கே ஆகாத அழுத்தம்! அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

நாலாவது நாள் காலையில் குழந்தைகள் டாக்டர் வந்தார். குட்டையாக முடி வெட்டிய, அதிகம் பேசாத அம்மா. பட்டாணியின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அண்ணனிடமும் அண்ணியிடமும் கேள்வி கேட்க ஆரம்பித்தார். வீட்டில் காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் குழாய் ஏதாவது உடைந்ததா? பழைய பல்பு? பக்கத்தில் பட்டறை, தொழிற்சாலை? எல்லாவற்றுக்கும் இல்லை என்றார்கள்.

"வீட்டுல யாராவது முகம் வெளுக்க க்ரீம் போடறீங்களா?"

அண்ணி தயங்கினாள். "நான் போடறேன். ஆனா குழந்தைக்கு ஒருநாளும் போட்டதில்லை டாக்டர்."

"என்ன க்ரீம்?"

லேபிள் அக்கா முன்னால் வந்தாள். இது அவள் பாடம். "நல்ல க்ரீம்தான் டாக்டர், நானே பாத்துச் சொன்னேன். தண்ணி, கிளிசரின், நியாசினமைடு, அதிமதுரம், வைட்டமின் சி. பாதரசம் இல்லைன்னே போட்டிருக்கு." கடகடவென்று மனப்பாடமாக ஒப்பித்தாள்.

டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். குரலை உயர்த்தவில்லை. "நீங்க சொல்றது லேபிள்ல இருக்கறது. டப்பாவுக்குள்ள என்ன இருக்குன்னு நான் கேக்கறேன்."

பதினோரு வருடத்தில் இப்படி ஒரு கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. அவளும் தன்னிடம் கேட்டுக்கொண்டதில்லை.

"டப்பாவைக் கொண்டு வாங்க. வந்த அட்டைப்பெட்டி இருந்தா அதையும்."

வீட்டுக்கு ஓடினாள். டப்பா குளியலறைக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது. அட்டைப்பெட்டி அண்ணியின் மேசை இழுப்பறையில் கிடந்தது. எடுத்துக் குலுக்கியபோது உள்ளே ஏதோ சரசரத்தது. நாலாக, எட்டாக மடித்த மெல்லிய தாள். எப்படிப் பூசுவது என்ற குறிப்பு. பிரிக்காமலேயே இருந்தது. அண்ணியும் பிரிக்கவில்லை, இவளும் பிரிக்கவில்லை. இவள் பார்த்ததெல்லாம் போனில் வந்த ஒரு படம்தான்.

குளியலறை வெளிச்சத்தில் நின்றபடியே பிரித்தாள். எறும்பு அளவு எழுத்து. முகத்தைக் கழுவிவிட்டுப் பூசவும். வெயிலில் போவதைத் தவிர்க்கவும். மூன்றாவது வரி: பூசும்போது தங்கம், வெள்ளி நகைகளைக் கழற்றி வைக்கவும்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடையில் சேர்ந்த புதிதில் நடந்த பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது அப்படியே நினைவுக்கு வந்தது. தங்கத்தைப் பிடித்துக் கெடுக்கும் பொருள் ஒன்றுதான் இப்படிப்பட்ட க்ரீம்களில் ஒளிந்திருக்கும். தோலில் நிறம் உண்டாகும் வேலையையே அது நிறுத்திவிடும். அதனால்தான் அவ்வளவு வேகமாக வெளுக்கும். தோல் வழியாக உடம்புக்குள் போகும். காற்றிலும் கலக்கும்.

கையிலிருந்த டப்பாவைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை, பிடித்துக்கொண்டு நிற்கவும் தைரியம் வரவில்லை. குளியல் தொட்டியின் விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பட்டாணியின் குட்டித் துண்டும் அண்ணியின் துண்டும் ஒரே கொக்கியில், ஒன்றின்மேல் ஒன்றாகத் தொங்கின.

சோதனை முடிவு வர இரண்டு நாள் ஆயிற்று. ஒரு க்ரீமில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் இருக்கக் கூடாது. இதில் பதினாறாயிரம் பங்கு இருந்தது. பட்டாணியின் சிறுநீரில் சாதாரணமாக இருப்பதைப் போல இருபது மடங்கு. அண்ணிக்கு அதைவிட அதிகம். அண்ணனுக்கும் இருந்தது. லேபிள் அக்காவுக்கும் கொஞ்சம் இருந்தது. தன் பெயருக்கு நேரே அந்த எண்ணைப் பார்த்தபோது அவளுக்குத் தாள் வேறு யாருடையதோ என்று தோன்றியது.

"ஆனா நான் குழந்தைக்குப் போடவே இல்லையே," என்று அண்ணி மறுபடி மறுபடி சொன்னாள்.

"உங்க கன்னத்துல இருந்து தலையணைக்குப் போகும்," என்றார் டாக்டர். "துண்டுக்குப் போகும். கைக்குப் போகும். குழந்தை உங்களோடதானே படுத்துக்கறா?"

அண்ணியின் முகத்தில் ஈயாடவில்லை. "கன்னத்தோட கன்னம் வெச்சுத்தான் தூங்குவா," என்றாள்.

அண்ணன்தான் அதைக் கேட்டான். ஆஸ்பத்திரி நடைபாதையில், குடிநீர்க் குழாய்க்குப் பக்கத்தில், தங்கையின் முகத்தைப் பார்க்காமல், "நீதானேம்மா பாத்துச் சொன்ன?" என்றான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவன் நிஜமாகவே கேட்டான், ஏதோ புரியாமல் கேட்பவன் போல.

மறுநாள் சுகாதாரத் துறையிலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். கையில் ஒரு சிறிய கருவி. முன்னால் மூக்கு மாதிரி ஒரு குழாய். அறை அறையாக அதை நீட்டிக்கொண்டே போனார்கள். சமையலறையில் எண் மெதுவாக ஏறியது. துணி துவைக்கும் இயந்திரத்துக்குள் விட்டபோது வேகமாக ஏறியது. படுக்கையறையில் அண்ணியின் தலையணைக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் கருவி கீச்சென்று கத்தியது. பட்டாணி கட்டிப்பிடித்துத் தூங்கும் துணி யானையிடம் கொண்டுபோனபோது அதைவிடச் சத்தமாகக் கத்தியது. வந்தவர்களில் மூத்தவர், எத்தனையோ வீடு பார்த்தவர் போலத் தெரிந்தவர், கருவியைத் தட்டிவிட்டு இன்னொரு தடவை நீட்டிப் பார்த்தார். மறுபடி கத்தியது. மெத்தை, தலையணை, துண்டுகள், யானை எல்லாவற்றையும் கனமான பிளாஸ்டிக் பைகளில் கட்டி எடுத்துப் போனார்கள். பையின் வழியாக யானையின் ஒரு கண் தெரிந்தது.

அன்று சாயங்காலமே தெருமுனை பார்லருக்குப் போனாள். சண்டை போடத்தான் போனாள். என்னென்ன கேட்க வேண்டும் என்று வழி முழுக்க மனதுக்குள் அடுக்கிக்கொண்டே போனாள். பார்லர்க்காரி ஒருத்திக்குப் புருவம் திருத்திக்கொண்டிருந்தாள். நாற்பது வயது, எப்போதும் சிரித்த முகம். சோதனைத் தாளை மேசைமேல் வைத்ததும் சிரிப்பு நின்றது. புருவம் பாதியில் நிற்க, வந்தவளை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"இருக்காதுங்க," என்றாள். "நான் என் பொண்ணுக்கே போடறேன்."

லேபிள் அக்கா அடுக்கிவைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் அந்த ஒரு வரியில் சரிந்து விழுந்தன.

"இப்பவும் போடறீங்களா?"

"இன்னிக்குக் காலையிலகூட." பார்லர்க்காரியின் கை தானாகத் தன் கன்னத்துக்குப் போனது. தொட்டுவிட்டு, சூடுபட்டது போல எடுத்துக்கொண்டாள். பிறகு திடீரென்று கோபம் வந்தது. "எனக்கு உங்க குரல் தெரியும். நீங்கதானேங்க நல்லதுன்னு சொன்னீங்க? நீங்க சொன்ன பிறகுதானே நானே நம்பினேன்!"

"நானா? உங்ககிட்டயா? நான் உங்களை இன்னிக்குத்தான் பாக்கறேன்."

பார்லர்க்காரி போனை எடுத்து எதையோ தேடினாள். அழுத்தினாள்.

"அண்ணி, முதல் டப்பாவை விட்டுடுங்க," என்றது லேபிள் அக்காவின் குரல். நடுவில் தட்டில் கரண்டி படும் சத்தம்கூடக் கேட்டது. "மூணாவதுதான் சரி… கண்ணை மூடிட்டு வாங்குங்க."

அண்ணி சந்தோஷத்தில் பார்லர்க்காரிக்கு அனுப்பியிருக்கிறாள். பார்லர்க்காரி வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டியிருக்கிறாள். "பெரிய கடையில பதினோரு வருஷமா இருக்கற அக்கா, எல்லாம் தெரிஞ்சவங்க, அவங்களே சொல்றாங்க, கேளுங்க," என்று. கேட்டவர்களில் சிலர் தங்கள் அக்கா தங்கைகளுக்கும் அனுப்பியிருக்கிறார்கள்.

லேபிள் அக்காவுக்குத் தன் குரலை வெளியிலிருந்து கேட்பது எப்போதுமே ஒரு மாதிரிதான் இருக்கும். இப்போது அது வேறு யாரோ ஒரு பெண், அவள் வேடத்தில் வந்து ஊரெல்லாம் விஷம் விற்றது போல இருந்தது. எவ்வளவு உறுதியாகப் பேசுகிறாள்! எங்காவது ஒரு இடத்தில் தயங்கியிருக்கக் கூடாதா?

"எத்தனை பேர் வாங்கினாங்க?"

பார்லர்க்காரி, வருகிறவர்களின் பெயரும் போன் எண்ணும் எழுதும் நீளமான நோட்டை எடுத்து வைத்தாள். இருவருமாக விரல் வைத்து எண்ணினார்கள். அறுபத்திரண்டு.

அன்றைக்கே ஆரம்பித்தார்கள். பார்லரின் சுழல் நாற்காலிகளில் ஒன்றில் இவள், ஒன்றில் அவள், நடுவில் நோட்டு. முதலில் பார்லர்க்காரி தன் மகளைத்தான் கூப்பிட்டாள். கல்லூரியிலிருந்து எடுத்தவளிடம், "எதுவும் கேக்காத, அந்த க்ரீமைத் தொடாத. முகத்தைக் கழுவு. நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம்," என்று சொல்லி வைத்துவிட்டு ஒரு நிமிடம் முகத்தைப் பொத்திக்கொண்டு இருந்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுத்த எண்ணை அழுத்தினாள்.

லேபிள் அக்கா ஒவ்வொருவரிடமும் ஒரே மாதிரி ஆரம்பித்தாள். "அந்தக் குரல் பதிவுல பேசினது நான்தாங்க. நான் சொன்னது தப்பு." சிலர் திட்டினார்கள். ஒருத்தி, "அப்ப உங்களுக்கு ஒண்ணும் தெரியாதா?" என்று கேட்டாள். "லேபிளைப் படிக்கத் தெரியும்ங்க. அவ்வளவுதான்," என்றாள் இவள். இரண்டு பேர் கர்ப்பமாக இருந்தார்கள். அவர்களை அன்றைக்கே கிளம்பச் சொன்னாள். எல்லோருக்கும் டாக்டர் பெயரையும் ஆஸ்பத்திரி எண்ணையும் கொடுத்தாள். பார்லரில் மீதியிருந்த டப்பாக்களையும், வரவழைத்துக் கொடுத்தவனின் போன் எண்ணையும் சுகாதாரத் துறைக்காரர்களிடம் ஒப்படைத்தார்கள். அவன் எண் அன்றோடு அணைந்துவிட்டது.

பட்டாணிக்கு மருந்து ஆரம்பித்தார்கள். பாதரசத்தைப் பிடித்துக்கொண்டு சிறுநீரோடு வெளியேற்றும் மருந்து. திறந்தால் அழுகிய முட்டை நாற்றம். அதைப் பழக்கூழில் கலந்து ஊட்டுவதற்குள் வார்டே ஒரு போர்க்களம் ஆகும். மூன்றாவது வாரம் ரத்த அழுத்தம் இறங்கியது. நாலாவது வாரம் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். ஒருநாள் நர்ஸின் காலணியை மாட்டிக்கொண்டு நாலடி நடந்து, ஐந்தாவது அடியில் உட்கார்ந்து, யாரும் எதிர்பாராமல் சிரித்தாள். அண்ணன் வெளியே போய் அழுதுவிட்டு வந்தான். முழுதாகச் சரியாக இன்னும் மாதங்கள் ஆகும், ஆனால் ஆகும் என்றார் டாக்டர்.

அண்ணிக்கு மங்கு திரும்பி வந்தது, முன்பைவிட அடர்த்தியாக. அவள் கண்டுகொள்ளவில்லை. குழந்தையோடு வீட்டுக்கு வந்த அன்று, புதுத் தலையணைக்கு உறை போட்டுக்கொண்டே, இவள் பக்கம் திரும்பாமல் சொன்னாள்: "உன் மேல கோபம் இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். இருக்கு. என் மேலயும் இருக்கு. எது எவ்வளவுன்னு பிரிச்சுப் பாக்கத் தெரியலை."

"இருக்கட்டும் அண்ணி," என்றாள் லேபிள் அக்கா. உறையின் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டாள். அண்ணி வேண்டாம் என்று சொல்லவில்லை.

நோட்டில் அறுபத்தோரு பெயருக்கு நேரே கோடு விழுந்துவிட்டது. ஒருத்தி மட்டும் போனை எடுக்கவே இல்லை. ஐந்து வாரம் கழித்து ஒருநாள் மத்தியானம் எடுத்தாள். இவள் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, "ஆனா நிறுத்தினா மறுபடி கறுத்துடுமே?" என்றாள்.

"கறுக்கும்ங்க. கறுத்தா பரவாயில்லை. அது விஷம்."

"எனக்கு ஒண்ணும் பண்ணலை. நான் நல்லாத்தான் இருக்கேன். இப்பதான் என் வீட்டுக்காரர் என்னை நிமிந்து பாக்கறார்." போனை வைத்துவிட்டாள். பிறகு எத்தனை தடவை அழுத்தியும் எடுக்கவில்லை.

விஷம் என்று தெரிந்த பிறகும் வேண்டும் என்று சொல்ல ஒருத்தி இருப்பாள் என்று லேபிள் அக்கா நினைத்துப் பார்த்ததே இல்லை. லேபிளில் பொய் எழுதியவனைப் புரிந்துகொள்ளலாம். இதை எங்கே போய்ப் படிப்பது?

"வீடு தெரியுமா?" என்று பார்லர்க்காரியிடம் கேட்டாள்.

"தெரியும். ரெண்டு பஸ் மாறணும்."

பார்லரைப் பூட்டிவிட்டுக் கிளம்பினார்கள். அடுக்குமாடிக் கட்டடத்தில் நாலாவது தளம். லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூச்சிரைக்க ஏறிக் கதவைத் தட்டினார்கள். உள்ளே குழந்தை சிணுங்கும் சத்தம். கதவு திறந்தது.

அவள் மிகவும் சின்னப் பெண். முகம் பளீரென்று, பார்க்க அழகாகவே இருந்தது. இடுப்பில் ஒரு வயதுகூட நிறையாத குழந்தை, தலை அம்மாவின் கழுத்தில் சாய்ந்து, வாய் அவள் தாடையில் பட்டு எச்சில் வழிய. அதன் நெற்றி முழுக்க வியர்த்திருந்தது. குட்டி உள்ளங்கை இவர்களைப் பார்த்து விரிந்தது. இளஞ்சிவப்பாக, ஓரங்களில் தோல் உரிந்து.

பார்லர்க்காரி, "ஐயோ!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டாள்.

"என்ன? என்னங்க?" என்று அந்தப் பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "பல்லு முளைக்குதுன்னு சொன்னாங்க. பத்து நாளாத் தூங்கவே மாட்டேங்கறான்."

லேபிள் அக்கா எதையும் விளக்கவில்லை. இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"குழந்தையைக் கொஞ்சம் என்கிட்ட குடும்மா. நீ போய் முகத்தைக் கழுவிட்டு, செருப்பைப் போட்டுக்கிட்டு வா. போற வழியில எல்லாம் சொல்றேன்."

அந்தப் பெண் குழந்தையின் கையைப் பார்த்தாள். பிறகு இவள் முகத்தைப் பார்த்தாள். அதில் என்ன தெரிந்ததோ, மறுபேச்சு பேசாமல் கொடுத்தாள்.